பிசினுள் உறங்கிய குள்ள வெட்டுக்கிளி



வெட்டுக்கிளி என்ற மாத்திரத்தில், பயிர்களைச் சூறையாடும் பெருங்கூட்டமே நம் நினைவுக்கு வரும். இன்று நாம் காணப்போகும் வெட்டுக்கிளிக்கு அந்தப் பழி இல்லை. நீர்நிலைகளின் ஓரத்திலும், பாசி படர்ந்த கற்களின் மேலும் மண்ணோடு மண்ணாய் ஒட்டிக்கிடப்பது அது. பாசியும் மட்கிய இலையுமே அதன் உணவு. பெரும்பாலானவை ஓர் அங்குல நீளத்தையும் எட்டுவதில்லை. குள்ள வெட்டுக்கிளிகள் எனப்படும் இவற்றில் ஏறத்தாழ 2000 இனங்கள் உலகில் உண்டு. மழை ஓய்ந்தபின் ஈரக் கரையில் சற்றே குனிந்து நோக்கினால், நேயர்களுள் பலர் தாம் வாழும் ஊரிலேயே இவற்றைக் காணலாம்.

குடும்பத்தை அடையாளம் காண்பது எளிது. வெட்டுக்கிளியின் தலைக்குப் பின்னே, குதிரையின் சேணத்தைப் போன்ற கவசம் ஒன்று இருக்கிறது. பிற வெட்டுக்கிளிகளில் அது மார்பின் முற்பகுதியோடு நின்றுவிடும். இவற்றிலோ பின்னோக்கி நீண்டு, முதுகின் மேல் கூரை வேய்ந்தாற்போல் மூடிக்கொள்ளும். முன்சிறகுகள் இரு சிறு செதில்களாய்த் தேய்ந்திருக்கும். பாடும் கருவியும் இல்லை. கேட்கும் செவியும் இல்லை.

பேரினத்தை நிர்ணயிப்பதில்தான் தொல்லை. ஒரு பூச்சி புதிய இனம் என்று கூற, அதன் நெருங்கிய உறவினங்களினின்று அது வேறுபடுவதைக் காட்டினால் போதும். புதிய பேரினம் என்று கூறவோ, ஏற்கெனவே வகுக்கப்பட்ட பேரினம் எதனுள்ளும் அது அடங்காது என்று நிறுவ வேண்டும். வீட்டுக்கு வந்தவருக்கு இருக்கும் அறைகளில் ஒன்றை ஒழித்துத் தருவதா, தனி வீடே கட்டுவதா என்பது போன்ற கேள்வி இது. நிறத்தை நம்புவதற்கில்லை, ஒரே இனத்தில் ஒன்று சாம்பல் நிறமாகவும், மற்றொன்று வெண்கோடு தாங்கியும் இருக்கும். சிறகின் நீளமும் ஏமாற்றும். ஒரே இனத்திலேயே நெடுஞ்சிறகு பெற்றவையும் குறுஞ்சிறகு பெற்றவையும் உண்டு. வளர்ந்த பூச்சியா, இளம்பூச்சியா என்பதை முதலில் தெளியாவிடில், வளரும் சிறகைத் தேய்ந்த சிறகென்று மயங்கவும் கூடும். ஆகவே ஆய்வாளர் கண்ணின் அமைப்பு, உச்சந்தலையின் அகலம், முகத்தில் இறங்கும் மேட்டின் பிளவு, கவசத்தின் வடிவம், தொடையின் விளிம்பு என ஒவ்வொன்றாக அளந்து, பழைய நூல்களோடு ஒப்பிடுகின்றனர்.

அப்பழைய நூல்களுள் தலையாயது, ஸ்பெயின் நாட்டு அறிஞர் இக்னாசியோ பொலிவார் 1887-ல் இக்குடும்பம் பற்றி வெளியிட்ட ஆராய்ச்சி. அவரே பின்னர், திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியின் வெட்டுக்கிளி வகைப் பூச்சிகளை ஆராய்ந்து, 1897 முதல் பிரெஞ்சு மொழியில் தொடர்கட்டுரை எழுதினார் என்பது நமக்கு உவகை தரும் செய்தி. ஹான்காக் என்பார் இந்தியக் குள்ள வெட்டுக்கிளிகளைப் பற்றி எழுதிய விரிவான கட்டுரை, 1915-ல் கல்கத்தா இந்தியக் காட்சிச்சாலையின் ஏட்டில் வெளிவந்தது.

இனி, அண்மைக்காலத்தில் ஒரு புதிய பேரினம் பிறந்த கதையைக் காண்போம். 1950-களின் இறுதியில், அமெரிக்காவின் இல்லினாய் இயற்கை வரலாற்று ஆய்வகத்தைச் சேர்ந்த மில்டன் சாண்டர்சன், டொமினிகன் குடியரசில் அம்பர் சேகரித்தார். அம்பர் என்பது மரப்பிசின் கல்லாய் இறுகியது. அதைச் சுரந்தது நம் புளியமரத்துக்குத் தூரத்து உறவான, இன்று மறைந்துபோன ஒரு மரம். சாண்டர்சன் 1960-ல் அதுபற்றி எழுதினார். பின்னர் 160 பவுண்டுக்கு மேற்பட்ட அச்சரக்கு, அரை நூற்றாண்டு தீண்டுவாரின்றிக் கிடந்தது. பிற்பாடு சாம் ஹெட்ஸ், ஜாரெட் தாமஸ், யினான் வாங் ஆகியோர் அதைக் கண்டெடுத்து, துண்டு துண்டாக அறுத்து, மெருகேற்றி, உள்ளே நோக்கலாயினர். பொறுமையைச் சோதிக்கும் வேலை; பல துண்டுகளில் ஒன்றும் இராது.

ஒரு துண்டில் எறும்பு, குளவி போன்ற சிற்றுயிர்களோடு எட்டு மில்லிமீட்டர் நீளமுள்ள குள்ள வெட்டுக்கிளி ஒன்று இருந்தது. வயது சுமார் 1 கோடியே 80 லட்சம் முதல் 2 கோடி ஆண்டுகள்! முகத்தின் மேடு அகலப் பிளந்திருக்கும் கிளாடோநோட்டினே என்னும் துணைக்குடும்பத்தில் அதனைச் சேர்த்தனர். அத்துணைக்குடும்பத்தாருள் பெரும்பாலோர் சிறகே அற்றவர்கள். இதற்கோ தேய்ந்த சிறகின் எச்சம் இருந்தது. சிறகை இழக்கும் வழியில் பாதி தூரம் சென்ற நிலை என்று அதனைக் கருதினர். சிறகு ஒன்றை மட்டும் வைத்து இவ்வாறு முடிவு செய்திருந்தால் நான் தயங்குவேன். பிற உறுப்புகளின் அமைப்பும் சேர்ந்து சாட்சி கூறியதாலேயே தனிப் பேரினம் என்ற துணிவு பிறந்தது.

2014 ஜூலையில் அதற்கு எலெக்ட்ரோடெட்டிக்ஸ் அட்டன்பரோய் என்று பெயர் சூட்டினர். இரண்டாம் சொல், இயற்கை வாழ்வைத் திரையில் காட்டிப் புகழ்பெற்ற டேவிட் அட்டன்பரோவைச் சிறப்பிப்பது. முதற்சொல்லில் எலெக்ட்ரான் என்பது கிரேக்கத்தில் அம்பரையும், டெட்டிக்ஸ் என்பது சிள்வண்டையும் குறித்தவை. பாடத் தெரியாத பூச்சிக் குடும்பத்துக்குப் பாடகனின் பெயர் வாய்த்தது ஒரு வேடிக்கைதான்.

விதிப்படி ஒவ்வொரு பேரினத்துக்கும் ஓர் ஆதார இனமும், அவ்வினத்துக்கு ஓர் ஆதார மாதிரியும் இருத்தல் வேண்டும். நாளை எவரேனும் இந்தப் பேரினம் தனியன்று, பழைய பேரினம் ஒன்றோடு சேர்க்கத்தக்கது என்று வழக்குரைக்க முற்பட்டால், அவர் உருப்பெருக்காடியோடு அந்தப் பொன்னிறத் துண்டின் முன்தான் அமர வேண்டும்.