உவர் வயலுக்கு வந்த நெல்லும் அதன் பெயரும்

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் நீரை அண்டிக் கிடக்கும் தாழ்ந்த வயல்கள் பல உள. மாரி மழை வாவியை நன்னீராக்கும் காலத்தில் இவ்வயல்களில் வேளாண்மை செழித்து நிற்கும். மழை முன்னதாக ஓய்ந்துவிடின் முகத்துவாரத்தால் கடல்நீர் உட்புகுந்து வாவி உவர்க்கும். வயலில் நிலத்தடி உவர் மேலெழுந்து வரம்போரத்தில் வெண்மையாய்ப் படியும். இலை நுனி வெளுத்துக் காயும். கதிர் வெளிவந்தும் மணி பிடியாது பதராகும்.

இத்தகைய நிலத்துக்கென விவசாயத் திணைக்களம் 1992 ஆம் ஆண்டில் வெளியிட்ட இனங்களுள் ஒன்று ஏ.ரீ. 354. பச்சைப்பெருமாள், மொட்டைக்கறுப்பன் என வாயாரச் சொல்லிப் பழகியவர்க்கு இவ்வெழுத்தும் எண்ணும் ஒரு பெயராகவே தோன்றா. ஆயினும் பழைய பெயர்கள் நெல்லின் தோற்றத்தைக் கூறியதுபோல, புதிய பெயர்கள் அது பிறந்த இடத்தையும் வயதையும் கூறுகின்றன. பீ.ஜீ. என்பது குருநாகல் மாவட்டத்துப் பத்தலகொடையையும், ஏ.ரீ. என்பது அம்பாந்தோட்டை மாவட்டத்து அம்பலாந்தோட்டையையும் குறிக்கும். எண்ணின் முதலிரு இலக்கங்கள் வயதைச் சுட்டும். 25 எனின் இரண்டரை மாதம். 30 எனின் மூன்று. 35 எனின் மூன்றரை. 40 எனின் நான்கு. ஈற்றிலக்கம் வரிசை எண். 35 என்னும் வரிசை நிறைந்தபின் வந்த ஏ.ரீ. 362 உம் மூன்றரை மாத நெல்லே. 1975 இல் வந்த பீ.ஜீ. 94-1 போன்ற முந்திய இனங்களுக்கு இக்கணக்குப் பொருந்தாது.

இலங்கையில் கலப்பினால் உண்டாக்கப்பட்டுப் பெரும் புகழ் பெற்ற முதல் நெல் 1958 இல் வெளிவந்த எச்-4 ஆகும். அதன் பெற்றாருள் ஒன்று முருங்கைக்காயன் 302. மற்றையது இந்தோனேசியாவின் மாஸ். தமிழ்ப் பெயர் தாங்கிய பெற்றாருக்கு எண்பெயர் பூண்ட பிள்ளை பிறந்தது.

ஏ.ரீ. 354 இன் பெற்றார் பீ.ஜீ. 94-1 உம் பொக்காளியும். பொக்காளி கேரளக் கரையோர உவர்ச் சேற்றில் தொன்றுதொட்டு விளைவது. இறால் வளர்ப்போடு மாறிமாறிச் செய்யப்படுவது. மலையாளத்தில் பொக்கம் என்பது உயரம். பெயருக்கேற்ப நெடிதாய் வளர்ந்து சாயும் பயிர் அது; விளைவும் குறைவு. ஆனால் உவரின் சோடியம் இலைகளுக்கு மிகுதியாய் ஏறாதவாறு தடுக்கும் ஆற்றல் அதற்குண்டு. பீ.ஜீ. 94-1 குட்டையானது; நன்கு விளைவது. ஒன்றின் உறுதியையும் மற்றதன் விளைவையும் ஒருங்கே பெறுதலே நோக்கம்.

இது எளிதன்று. நெற்பூ தன் மகரந்தத்தாலேயே சூற்கொள்வது. ஆகவே பூ விரியுமுன் மகரந்தப் பைகளை நீக்கி, மற்றைய இனத்தின் மகரந்தத்தைத் தூவி, கதிரைத் தாளுறையால் மூட வேண்டும். கிடைக்கும் சில மணிகளிலிருந்து வரும் முதற் தலைமுறை ஒருசீராக இருக்கும். அடுத்த தலைமுறையிலோ நெட்டை, குட்டை, உவரில் நிற்பது, வாடுவது எனப் பலவாறாகப் பிரியும். அவற்றுள் நல்லனவற்றைத் தெரிந்து, ஆறேழு தலைமுறை தொடர்ந்து விதைத்த பின்னரே வழி உறுதிப்படும். அதன்பின் பல நிலையங்களிலும் கமக்காரரின் வயல்களிலும் சோதித்துத் தேறினாலன்றிப் பெயர் சூட்டப்படுவதில்லை.

மாமரத்தில் ஒரு விதைக்கன்று நற்கனி தந்தால் ஒட்டுக்கட்டியே அதனைக் காக்க வேண்டும். அதன் கொட்டையை நட்டால் அக்கனி வரும் என்பது உறுதியில்லை. ஜப்பானியர் அழகுக்கு வளர்க்கும் மேப்பிள் மரமும் அவ்வாறே. கடையில் வாங்கும் கலப்பினத் தக்காளியின் விதையை எடுத்து நட்டு ஏமாந்த தோட்டக்காரரும் இதனை அறிவர். உறுதிப்பட்ட நெல்லினமோ தன் விதையினாலேயே தன் குணத்தைக் காக்கும். பிறநெல் கலவாதிருத்தல் வேண்டும், அவ்வளவே.

உவரைத் தாங்கும் இனம் என்றதும் உவர்நீரையே பாய்ச்சலாம் என எண்ணுதல் தவறு. நாற்றுப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும் நெல் உவருக்கு மிகவும் அஞ்சும். ஆதலால் மழைநீரை வயலில் தேக்கி, உவர் கரைந்தபின் ஒருமுறையாயினும் வடித்துவிட்டே நிலத்தைப் பண்படுத்துக. நாற்று நடுவோர் சற்று முதிர்ந்த நாற்றை நடுதல் நன்று. பூக்குங் காலத்தில் வயல் காய்ந்து வெடிக்க விடலாகாது. காய்ந்தால் உவர் மேலேறும். வைக்கோலை எரிக்காது மண்ணிலே மடக்கி உழுக. மூன்றரை மாதத்தில் முதிர்வதால், உரிய காலத்தில் விதைத்தால் மழை ஓயுமுன் பெரும்பாலும் கதிர் முற்றிவிடும். பிந்தி விதைத்தவர்க்கு இந்நன்மை கிட்டாது.

விதையை அத்தாட்சிப்படுத்தப்பட்டதாகப் பெறுக. விதைக்கென ஒதுக்கிய வரவையில் கதிர் வந்ததும் இறங்கி நடந்து, உயரத்தாலும் நிறத்தாலும் வேறுபட்டவற்றையும், மணி உதிருமுன் பன்றிநெல்லையும் வேரோடு பிடுங்குக. அந்நெல்லைச் சுத்தமான களத்தில் தனியே சூடடித்து, ஈரம் 13 வீதத்துக்கு மேற்படாதவாறு உலர்த்துக. பழைய நெல் ஒரு மணியும் ஒட்டியிராத சாக்கிற் கட்டி, இனத்தின் பெயரையும் விளைந்த போகத்தையும் மேலே எழுதி வைக்குக.