பக்கம் பேசும் மொழி – 6: வரிக்கு நடுவே ஈயம்

'10 பாயின்ட் என்றால் எழுத்தின் உயரம்தானே?' என்ற கேள்வியோடு போன வாரம் நிறுத்தியிருந்தேன். இல்லை.

ஓர் அங்குலத்துக்கு 72 பாயின்ட். ஆனால் 10 பாயின்டில் அச்சான 'க'வை ஸ்கேல் வைத்து அளந்தால் அந்த உயரம் வராது. அளவு எழுத்துக்கு இல்லை, எழுத்து நின்றிருந்த ஈயக் கட்டைக்கு. புள்ளியும் மேல்விலங்குச் சுழியும் மேலே, 'மூ'வின் வால் கீழே. எல்லாம் அந்தக் கட்டைக்குள் அடங்க வேண்டும். மிஞ்சிய இடம்தான் 'க'வுக்கு. அதை ஒவ்வொரு வடிவமைப்பாளரும் ஒவ்வொரு விதமாகப் பங்கு போடுவதால், ஒரே 10 பாயின்டில் ஒரு ஃபாண்ட் பெரிதாகவும் இன்னொன்று பொடியாகவும் தெரிகிறது.

அடுத்தது லெடிங். பலர் 'லீடிங்' என்கிறார்கள். இது முன்னால் போகிற லீடிங் இல்லை. 'லெட்' என்றால் ஈயம். அச்சுக்கோப்பவர்கள் இரண்டு வரிகளுக்கு நடுவே ஈயத் தகடு செருகி இடைவெளி விடுவார்கள். இன்று தகடு இல்லை. ஒரு வரியின் அடிக்கோட்டிலிருந்து (எழுத்துகள் நிற்கும் கோடு) அடுத்த வரியின் அடிக்கோடு வரை உள்ள தூரம்தான் லெடிங். 10 பாயின்ட் எழுத்து, 12 பாயின்ட் லெடிங் என்றால் '10 ஆன் 12'.

பக்கம் அமைக்கும் மென்பொருளான இன்டிசைனில் நாம் எதையும் தொடாவிட்டால் எழுத்தளவில் 120 சதவீதத்தை அதுவே வைத்துக்கொள்ளும். ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழுக்குப் பெரும்பாலும் போதாது. நான் முதன்முதலில் பக்கம் அமைத்த சிறுகதைத் தொகுப்பில், மேல் வரியின் 'ஞூ' கீழ் வரியின் 'கீ'யில் போய் உட்கார்ந்திருந்தது. புரூஃப் பார்த்த பழைய கம்பாசிட்டர் ஒருவர் அந்த இடத்தில் பென்சிலால் வட்டம் போட்டு, "இன்னும் ரெண்டு பாயின்ட் லெட் போடு தம்பி" என்றார். போட்டேன். பதிப்பாளர் முகம் சுருங்கியது.

அவர் கணக்கும் நியாயம்தான். ஓரம் போக 18 சென்டிமீட்டர் உயரம் மிஞ்சும் பக்கத்தில் 12 பாயின்ட் லெடிங்கில் 42 வரி வரும்; 14 என்றால் 36. அந்தப் படிக்கு 160 பக்கப் புத்தகம் 187 பக்கத்தைத் தொடும். காகிதக் கவலை நமக்குப் புதிதில்லை. ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து 1713-இல் தரங்கம்பாடிக்கு வந்த தமிழ் எழுத்துகள் பெரிதாக இருந்து காகிதத்தைத் தின்றதால், தரங்கம்பாடி மிஷனரிகள் அங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டார்கள். காகிதத்தை மிச்சப்படுத்த அவர்கள் பிடித்த வழி சரி என்பேன்: எழுத்தை அரைப் பாயின்ட் குறையுங்கள், லெடிங்கில் கை வைக்காதீர்கள். 9.5 ஆன் 13 தாராளமாகப் படிக்க வரும். 11 ஆன் 12-இல் கண் வரி மாறிப் போகும்.

அடுத்த வாரம் கெர்னிங். அதற்குள் வீட்டுக்கு வந்த கல்யாணப் பத்திரிகை ஒன்றை எடுத்து, எந்த வரியின் வால் எந்த வரியின் தலையில் இடிக்கிறது என்று பார்த்து வையுங்கள்.