சுகமான கண்களை ஏன் சோதிக்கிறோம்?



கண் நோயாளிகளுக்கென்று வாங்கிய கருவியின் முன்னால் நோயில்லாதவர்களை உட்காரவைப்பது ஏன் என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

விழித்திரையில் ஒளி பட்டதும் மிகச் சிறிய மின்துடிப்பு எழும்புகிறது. 1865-ல் ஸ்வீடன் நாட்டு அறிஞர் ஹோல்ம்கிரென் இதைக் கண்டறிந்தார். இத்துடிப்பைப் பதிவுசெய்வதே ஈ.ஆர்.ஜி. பரிசோதனை. இடம் மாறும் கறுப்பு வெள்ளைக் கட்டங்களைப் பார்க்கச் செய்து, அந்தச் செய்தி மூளையின் பின்பகுதியை எட்டும் நேரத்தை அளப்பது வி.ஈ.பி. சுகமானவர்களுக்கு இது ஏறக்குறைய 100 மில்லிசெகண்டு. பார்வை நரம்பில் அழற்சி கண்டவர்களுக்கு, பார்வை திரும்பிய பின்னும் இது தாமதமாகவே வருகிறது என்று 1972-ல் லண்டன் மருத்துவர்கள் காட்டினார்கள்.

ஆனால் எத்தனை மில்லிசெகண்டைத் தாமதம் என்பது? புத்தகத்தைப் புரட்டி விடை சொல்ல முடியாது. திரையின் வெளிச்சம், கட்டங்களின் அளவு, எலக்ட்ரோடின் வகை, பரிசோதிக்கப்படுகிறவரின் வயது ஆகிய யாவும் கணக்கை மாற்றும். ஆகவேதான் ஒவ்வொரு கூடமும் தனக்குரிய இயல்பளவுகளைத் தானே சேகரிக்கவேண்டும் என்று இத்துறையின் சர்வதேசச் சங்கம் சொல்கிறது.

சேகரிப்பதோ பொறுமையான வேலை. ஈ.ஆர்.ஜி.க்கு வருகிறவர் கண்மணி விரிய மருந்து விட்டுக்கொண்டு, 20 நிமிடம் இருட்டில் காத்திருக்கவேண்டும். பிறகு சில மணி நேரம் எழுத்துக்கள் மங்கும். வி.ஈ.பி.க்கு மருந்து வேண்டாம். கண்ணாடி அணிகிறவர் அதை அணிந்தே வரவேண்டும். தாதியர் மாணவிகளைக் கூப்பிட்டால் உடனே வந்துவிடுவார்கள். ஆனால் வயது ஏற ஏறத் துடிப்பு தாழ்கிறபடியால், அறுபது எழுபது வயதானவர்களும் கட்டாயம் வேண்டும்.

கண்புரை முற்றி, விழித்திரையைப் பார்க்கவே இயலாத ஒரு பெரியவரை எண்ணிப்பாருங்கள். பலத்த ஒளிவீச்சுக்கு விழித்திரை எவ்வளவு அசைகிறது என்பதை ஈ.ஆர்.ஜி. சொல்லும். அதை இருபது வயதினரின் அளவோடு ஒப்பிட்டால், அறுவைசிகிச்சையால் பயனில்லை என்று அவரை வீணாகத் திருப்பி அனுப்பிவிடக்கூடும். அளவைத் தளர்த்தினாலோ, மாலைக்கண்ணோடு வரும் இளைஞனிடம் ஒன்றுமில்லை என்று சொல்லிவிடுவோம்.

இந்த அளவுகள் சராசரியைச் சுற்றிச் சமமாக அமைவதில்லை. ஆகையால் நடு அளவையும், கீழ்க்கோடியில் 5 சதவீதம், மேல்கோடியில் 5 சதவீதம் நீக்கிய எல்லைகளையும் குறிக்கிறோம். சுகமானவர்களிலும் சிலர் எல்லைக்கு வெளியே நிற்பார்கள் அல்லவா? அதனால் எண்ணை மட்டும் நம்பாமல், இரு கண்களையும் ஒப்பிட்டு, சந்தேகமானால் மறுபடியும் பதிவுசெய்த பின்னரே மருத்துவர் கையெழுத்திடுகிறார்.