ஸ்கோப் வாங்கப் போறீங்களா? உஷார்!

திருப்பூர் பனியன் கம்பெனியில் பார்ட்-டைம் பார்த்துச் சேர்த்த காசா அது? ஏர் ரைஃபிளுக்கு ஸ்கோப் வாங்கும் முன் ஒரு நிமிஷம்! வேட்டைக்குன்னா ஆசையை மூட்டை கட்டிடுங்க. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சும்மா விடாது. 10 மீட்டர் போட்டிக்கா? அங்கே ஸ்கோப்புக்கே அனுமதி கிடையாது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் சுட்டது, துளை வழியே பார்க்கும் 'பீப் சைட்'டில்தான். இத்தனைக்கும் நடுப்புள்ளி வெறும் அரை மில்லிமீட்டர்!

சும்மா டார்கெட் பழகத்தான்னா, 4 மடங்கு பெரிதாக்கும் ஸ்கோப்பே தாராளம். ஆனா, மலிவு ஸ்கோப்புகள் பலதும் பெரிய துப்பாக்கிக்காக 100 கஜத்துக்கு செட் பண்ணினவை. 10 மீட்டரில் மங்கும். கண்ணை லேசா நகர்த்தினா குறியும் நகரும். முன் லென்ஸைத் திருகித் தூரம் மாத்துற வசதி இருக்கான்னு கேளுங்க. இன்னொண்ணு, ஸ்பிரிங் ரைஃபிள் முன்னும் பின்னும் உதைக்கும். அந்த உதையைத் தாங்காத ஸ்கோப் சீக்கிரமே படுத்துடும்.