நான்கு மணிக்குப் பிறகு

கல்லூரி அலுவலகத்தின் கம்பிச் சன்னலுக்குள் நான் நீட்டிய மருத்துவச் சான்றிதழை அந்த எழுத்தர் இரண்டு முறை படித்தார். பிறகு மெதுவாக என் பக்கமே தள்ளிவைத்தார். “இதுல உங்க பேர் இல்லையேம்மா. பையன் பேர்ல இல்ல இருக்கு?”

அவர் சொன்னதில் தவறில்லை. காய்ச்சல் பையனுக்குத்தான். ஆறு நாள் அவனை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான். வருகைப் பதிவேட்டில் அந்த ஆறு நாளும் என் பெயருக்கு நேரே ‘ஆப்சென்ட்’.

அப்போது எனக்கு 26 வயது, மகனுக்கு மூன்று. காலையில் ஜெராக்ஸ் கடையில் வேலை. ஒன்றரை மணியிலிருந்து கல்லூரியில் ஷிப்ட் டூ, பி.காம். வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். பதினைந்து ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. இன்றைக்கும் தனியாகக் குழந்தை வளர்த்துக்கொண்டு வேலைக்கும் கல்லூரிக்கும் ஓடுகிற பெண்களைப் பார்த்தால், ஃபீஸ் கட்டிவிட்டாயா என்று எனக்குக் கேட்கத் தோன்றுவதில்லை. நான்கு மணிக்கு மேல் குழந்தை யாரிடம் இருக்கிறது என்றுதான் கேட்கிறேன்.

பால்வாடி நான்கு மணிக்குள் மூடிவிடும். வகுப்பு ஐந்தரையைத் தாண்டும். பேருந்து பிடித்து வீடு சேர ஏழு. அந்த மூன்று மணி நேரத்துக்கு ஆள் இல்லாவிட்டால் படிப்பு இல்லை. எனக்கு எதிர் வீட்டு அக்கா இருந்தார். வாசலில் உட்கார்ந்து பூக்கட்டுவார். பக்கத்திலேயே பாயில் என் மகன் தூங்குவான். முழம் கட்டி வந்த வருமானத்தில் அவனுக்குப் பன்னும் வாங்கிக் கொடுத்திருக்கிறார். அவர் ஊர்த் திருவிழாவுக்குப் பத்து நாள் போனபோது, என் வருகைப் பதிவிலும் பத்து நாள் போயிற்று.

கணக்கு எளிது. ஒரு செமஸ்டருக்கு 90 வேலை நாள் என்று வைத்துக்கொள்வோம். 75 சதவீத வருகை வேண்டும் என்றால் கையிருப்பு 22 நாள். 75-க்குக் கீழே போனால் மருத்துவச் சான்று, வருகைக் குறைவை மன்னிப்பதற்கான ‘கண்டோனேஷன்’ கட்டணம். 65-க்கும் கீழே இறங்கினால் பொதுவாக அந்தத் தேர்வை மறந்துவிட வேண்டியதுதான். வீட்டில் இன்னொரு பெரியவர் இருக்கும் மாணவிக்கு 22 நாள் தாராளம். பால்வாடிக்குப் புதிதாகப் போகும் குழந்தையோ மாதம் ஒரு முறை சளி பிடித்துக்கொண்டு வரும். ஒரு அம்மை போட்டால் இரண்டு வாரம். இவை போக, கைவிடப்பட்ட பெண் என்று சான்று வாங்கத் தாலுகா ஆபீஸுக்கு அலைந்த நாட்கள் தனி.

இப்படிப் படித்து வந்த பெண்களைப் பற்றி எழுதும்போதெல்லாம் ‘மனவுறுதி’ என்ற சொல்லைப் போட்டுவிடுகிறோம். மனவுறுதி இல்லாமலா? ஆனால், அதை மட்டும் சொல்லி நிறுத்தினால், குழந்தையைத் தூக்கி வைத்திருந்த கைகள் கதையிலிருந்து மறைந்துவிடுகின்றன.

சென்னையிலேயே பெரிய சான்று இருக்கிறது. அய்யலசோமயாஜுல லலிதா. 1919-இல் இங்கே ஒரு தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தவர். 15 வயதில் கல்யாணம், 18 வயதில் கையில் மகள். குழந்தை பிறந்து நான்கு மாதத்தில் கணவர் இறந்துபோனார். விதவை என்றால் மூலையில் உட்கார வேண்டிய 1937-ஆம் வருடம் அது. அவர் ராணி மேரி கல்லூரியில் இன்டர்மீடியட் முடித்தார். மருத்துவம் படிக்கலாம் என்ற யோசனையும் இருந்தது. ராத்திரி எந்நேரமும் கூப்பிடுகிற தொழிலில் குழந்தையை விட்டுவிட்டு ஓட வேண்டிவரும் என்று அதை விட்டார். தன் ஆர்வத்தை ஒரு பக்கமும் குழந்தையின் நேரத்தை ஒரு பக்கமும் வைத்துப் பார்த்து எடுத்த முடிவு. தனியாக வளர்க்கிற தாய்க்கு அந்தத் தராசு நன்றாகத் தெரியும்.

அவருடைய அப்பா பப்பு சுப்பா ராவ், கிண்டி பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியர். அதுவரை பெண்கள் கால் வைக்காத அந்தக் கல்லூரியில் மகளைச் சேர்க்க முதல்வர் சாக்கோவிடம் பேசி அனுமதி வாங்கினார். 1940-இல் லலிதா உள்ளே போனார். விடுதியில் தங்கினார், குழந்தை உறவினர் வீட்டில் வளர்ந்தது, வார இறுதியில் போய்ப் பார்த்தார். ஆண்கள் மட்டுமே இருந்த வளாகத்தில் ஒற்றைப் பெண்ணாக இருக்க முடியாமல் அவர் தவித்ததும், பெண்களும் விண்ணப்பிக்கலாம் என்று அறிவிப்பு வந்தது. லீலம்மா ஜார்ஜ், பி.கே. திரேசியா இருவரும் சிவில் பிரிவில் சேர்ந்தார்கள். 1943-இல் லலிதா பட்டம் பெற்றார். பிறகு சிம்லாவில் வேலை, அப்புறம் கல்கத்தாவில் அசோசியேட்டட் எலக்ட்ரிக்கல் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனம். பக்ரா நங்கல் அணைக்கான மின்பணிகளில் அவர் கை இருந்தது. 1964-இல் நியூயார்க்கில் நடந்த பெண் பொறியாளர்கள், விஞ்ஞானிகளின் முதல் சர்வதேச மாநாட்டுக்கும் போய்வந்தார். 1979-இல் காலமானார்.

இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களில் ஒருவர் என்று அவரைக் கொண்டாடுகிறோம். கொண்டாடத்தான் வேண்டும். ஆனால், அந்தப் பட்டத்தின் பின்னால் பேராசிரியர் அப்பா இருந்தார், விடுதி இருந்தது, குழந்தைக்குச் சோறு ஊட்டிய ஓர் உறவினர் வீடு இருந்தது. லலிதாவின் உழைப்பு இதனால் குறைந்துவிடவில்லை. அப்பா பேராசிரியராக இல்லாத பெண்ணுக்கு இவற்றை யார் தருவது என்பதுதான் என் கேள்வி.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அன்று எனக்கு அது இருந்திருந்தால் மாதம் ஒரு பால் கணக்கு தீர்ந்திருக்கும். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகிற பெண்ணுக்கு 2022 செப்டம்பரிலிருந்து புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். பணம் வருகிறது. நேரம் வருவதில்லை.

சட்டத்தைப் புரட்டினால் ஒரு வினோதமான இடைவெளி தெரியும். மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தம் 50 பேராவது வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் கேட்டது. மாணவி ஊழியர் இல்லையே! ஆய்வு மாணவிக்கு 2016-லேயே யுஜிசி 240 நாள் வரை மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பு கொடுத்துவிட்டது. இளங்கலை, முதுகலை மாணவிகளுக்கும் மகப்பேறு விடுப்பும் வருகைச் சலுகையும் தர விதிகள் வகுத்துக்கொள்ளுங்கள் என்று 2021 டிசம்பரில் பல்கலைக்கழகங்களுக்கு எழுதியது. நல்ல கடிதம். ஆனால் பேறுகாலம் சில மாதம். மூன்று வயதுக் குழந்தையின் காய்ச்சலுக்கு அந்தக் கடிதத்தில் இடம் இல்லை.

நான் கேட்பது பெரிய திட்டம் அல்ல. குழந்தையின் பெயரில் உள்ள மருத்துவச் சான்றை அம்மாவின் வருகைக் குறைவுக்கு ஏற்றுக்கொள்ளலாம். பிற்பகல் ஷிப்ட் நடக்கிற கல்லூரிகளுக்கு அருகே ஓர் அங்கன்வாடியாவது ஏழு மணி வரை திறந்திருக்கலாம். அக்கம்பக்கத்தில் பூக்கட்டுகிற அக்காவுக்கு அங்கே சம்பளத்தோடு வேலை கொடுக்கலாம். என் மகனைப் பார்த்துக்கொண்டதற்கு அவர் கடைசிவரை ஒரு ரூபாய் வாங்கவில்லை, அது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

லலிதாவின் பட்டச் சான்றிதழில் ‘அவன்’ என்ற பொருளில்தான் ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தார்கள். பெண் வந்து வாங்குவாள் என்று அச்சகம் நினைத்திருக்கவில்லை. அலுவலகத்தில் யாரோ பேனாவை எடுத்து அந்தச் சொல்லை அடித்துவிட்டு ‘அவள்’ என்று எழுதிக் கொடுத்தார்கள்.

என் சன்னலில் அப்படி ஒரு பேனா எழவில்லை. மறுநாள் தெருமுனை டாக்டரிடம் போனேன். எனக்கே ஆறு நாள் காய்ச்சல் என்று சொல்லி எழுதி வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தேன். எழுத்தர் பெயரைச் சரிபார்த்தார், முத்திரை குத்தினார், என்னை நிமிர்ந்து பார்க்காமல் ஹால் டிக்கெட்டை நீட்டினார்.