படபடப்பும் மயக்கமும்: அலட்சியம் வேண்டாம்!



திடீரென்று நெஞ்சு படபடத்து, கண் இருண்டு, மயக்கம் வருகிறதா? "வெயில்தான், பித்தம்தான்" என்று சும்மா இருந்துவிடாதீர்கள்.

ஓய்வில் இருதயம் நிமிஷத்துக்கு 60 முதல் 100 தடவை துடிக்கும். மாரடைப்பு வந்து பிழைத்தவருக்கு இருதயத்தில் தழும்பு இருக்கலாம். துடிப்பை உண்டாக்கும் மின்னோட்டம் அதைச் சுற்றிச் சுற்றி ஓடினால் துடிப்பு தாறுமாறாகும், உயிருக்கே ஆபத்து.

படம் எதற்கு?

ஈ.சி.ஜி. எடுக்கும் நேரத்தில் துடிப்பு சரியாக இருந்தால் கோளாறு தெரியாமல் போகலாம். எக்கோ படம் இருதயத்தின் பலத்தைக் காட்டும். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் தழும்பு இருக்கும் இடத்தைக் காட்டும். இடம் தெரிந்தால், தொடை ரத்தக்குழாய் வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, கோளாறான இடத்தை மட்டும் டாக்டர் சுட்டுவிடலாம். நெஞ்சைத் திறக்க வேண்டியதில்லை.

எக்கோவுக்குப் பயம் வேண்டாம். வயிற்றுக் குழந்தையைப் பார்க்கும் அதே ஒலி அலைதான். கர்ப்பிணிகளும் எடுத்துக்கொள்ளலாம்.

செய்ய வேண்டியவை:

1. மயங்கி விழுந்தால் உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். பேச்சுமூச்சு இல்லையென்றால், வண்டி வரும்வரை நடுநெஞ்சை வேகமாக அழுத்திக்கொண்டே இருங்கள்.

2. தெளிந்துவிட்டாலும் அரசு ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிக்காரர்களை மேல்சிகிச்சைக்கு அனுப்பினால், சென்ட்ரல் ஸ்டேஷன் எதிரிலேயே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை இருக்கிறது.

3. கணவன், மனைவி இருவரும் சேர்ந்தே போங்கள். நடந்தது என்னவென்று விழுந்தவருக்குத் தெரியாது. பக்கத்தில் இருந்தவர்தான் சொல்ல முடியும்.

துணையின் சொல் டாக்டருக்கு உதவும், உயிரைக் காக்கும்!