பரிசோதனைச் சாலைகளுக்கும் பரிசோதனை வேண்டும்

மண்ணையும் நீரையும் உரத்தையும் சோதித்தறிந்த பின்னரே சாகுபடிச் செலவில் இறங்க வேண்டுமென்பது குடியானவர்களுக்கு நெடுங்காலமாகக் கூறப்பட்டுவரும் புத்திமதியாகும். கொங்கு நாட்டில் விளைபொருளையும் சோதிக்கும் வழக்கம் பரவியிருக்கிறது. ஈரோட்டு மஞ்சளிலும், காரமடை, மேட்டுப்பாளையம் பக்கத்துக் கறிவேப்பிலையிலும் பூச்சிமருந்தின் மிச்சம் உளதா என்று ஏற்றுமதிக்கு முன் பார்க்கின்றனர். நாமக்கல், பல்லடம் பகுதிகளில் கோழித் தீவனத்துக்கு வாங்கும் மக்காச்சோளத்தில் அப்ளாடாக்ஸின் என்னும் பூசண விஷத்தைத் தேடுகின்றனர். ஆகவே, ஒரு காகிதத்தில் கண்ட ஓர் எண்ணைக் கொண்டு ஒரு லாரிப் பாரம் விலைபோவதும் உண்டு. திரும்பி வருவதும் உண்டு. அவ்வெண் பிழையாயின் நஷ்டம் குடியானவரையே சாரும்.

அங்கீகாரம் அளிப்போர்

பரிசோதனைச் சாலைகளின் தகுதியை ஆராய்ந்து அங்கீகாரம் அளிக்க நமது தேசத்தில் என்.ஏ.பி.எல். என்னும் வாரியம் ஏற்பட்டுள்ளது. பல நாட்டு அங்கீகார ஸ்தாபனங்கள் ஒன்றன் தீர்ப்பை மற்றொன்று ஏற்பதென 2000-ஆம் ஆண்டில் செய்துகொண்ட உடன்படிக்கையில் இவ்வாரியமும் சேர்ந்தது. பரிசோதனைச் சாலை நடத்தப்பட வேண்டிய விதம் ஐ.எஸ்.ஓ. 17025 என்னும் சர்வதேச விதியிலும், அங்கீகாரம் அளிப்போர் நடந்துகொள்ள வேண்டிய விதம் ஐ.எஸ்.ஓ. 17011 என்னும் விதியிலும் கூறப்பட்டுள்ளன.

அங்கீகாரம் ஒருமுறை பெற்றால் என்றென்றைக்கும் நிலைப்பதன்று. மதிப்பீட்டாளர்கள் குறித்த காலத்தில் வந்து தராசையும், வெப்பமானியையும், பதிவேடுகளையும் பார்வையிடுவர். வேலை செய்வோரைத் தம் கண்ணெதிரே சோதனை செய்யச் சொல்லுவர். இதன் அவசியத்தை ஓர் உதாரணத்தால் அறியலாம். சுண்ணாம்பு மிகுந்த கோயமுத்தூர்க் கரிசலில் பயிருக்குக் கிட்டும் மணிச்சத்தை அளக்க 1954-ஆம் ஆண்டில் ஓல்ஸன் முதலியோர் வெளியிட்ட முறை ஏற்றது. நீலகிரியின் புளிப்பு மண்ணுக்குப் பிரே முறை ஏற்றது. ஒன்றுக்குரியதை மற்றொன்றுக்குக் கையாண்டால் எண் கிடைக்கும், உண்மை கிடைக்காது. அதை நம்பி இடப்படும் உரமும் வீணாகும்.

பிரயாணம் நின்றபோது

2020-ஆம் ஆண்டு மார்ச்சு 25-ஆம் தேதி தேசமெங்கும் ஊரடங்கு அமுலுக்கு வந்தது. ரயில்களும் விமானங்களும் நின்றன. தமிழ்நாட்டில் ஒரு ஜில்லாவிலிருந்து மற்றொரு ஜில்லாவுக்குச் செல்லவும் அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது. விவசாய வேலைகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டபடியால் அறுவடையும் விற்பனையும் நடந்தன. ஆனால் மதிப்பீட்டாளர்கள் வெளியூர்களிலிருந்து வரவேண்டியவர்களாதலால் அவர்களுடைய வருகை தடைப்பட்டது.

அங்கீகாரங்களையெல்லாம் ரத்துச் செய்தால் சோதனையின்றி விளைபொருள் தேங்கும். பாராமலே யாவற்றையும் நீடித்தால் சீட்டின் மதிப்புக் கெடும். இவ்விரண்டுக்கும் நடுவழியை மேற்படி 17011 விதி 2017-ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே காட்டியிருந்தது. நேரில் செல்லும் இரு பார்வைகளுக்கு இடையே இரண்டு ஆண்டுகளுக்கு மேற்படலாகாது. நேரில் செல்வது பொருந்தாவிடில், அதே நோக்கத்தை நிறைவேற்றும் வேறு வழியைக் கையாண்டு அதற்குரிய நியாயத்தையும் காட்டவேண்டும் என்பதே அதன் சாரம். இதன்படி காணொளி வாயிலாகவும், அனுப்பப்பட்ட பதிவேடுகள் வாயிலாகவும் தொலைவழி மதிப்பீடுகள் நடத்தப்பட்டன. 17025 விதியின் புதிய பதிப்புக்கு மாறுவதற்குக் குறித்திருந்த 2020 நவம்பர் 30 என்ற கெடுவும் 2021 ஜூன் 1 வரை நீட்டிக்கப்பட்டது.

அபாயத்தை அளந்து முடிவு செய்தல்

எல்லாச் சாலைகளையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது பொருந்தாது. முந்திய மதிப்பீடுகளில் பெருங்குறை காணப்படாமல், பழகிய ஊழியர்களும் கருவிகளும் மாறாமல் இருக்கும் சாலை சிறிது காலம் காத்திருக்கலாம். இடம் மாறியது, அநுபவமுள்ள ரசாயன நிபுணர் விலகியது, புதுக் கருவி வந்தது, புகார் எழுந்தது ஆகிய இவற்றுள் ஒன்று நேர்ந்தாலும் அச்சாலையை முதலில் பார்க்கவேண்டும். மண்ணின் சத்தைச் சற்றுத் தவறாக அளந்தால் ஒரு போகம் குறையலாம். உணவில் விஷத்தைக் காணத் தவறினால் உயிருக்கே கேடு. ஆதலால் சோதனையின் தன்மையும் கணக்கில் சேரும்.

பிரயாணமின்றியே சாலையின் திறமையை அறிய மற்றொரு வழியும் உண்டு. ஒரே மாதிரியைப் பல சாலைகளுக்கு அனுப்பி விடைகளை ஒப்பிடுவதே அது. யாவருக்கும் பொதுவான விடையிலிருந்து ஒரு சாலையின் விடை எவ்வளவு விலகுகிறதென்பதை இஸட் மதிப்பு என்பர். அது கூட்டலிலோ கழித்தலிலோ 2-க்கு உட்பட்டால் திருப்தி. 3-ஐ எட்டினால் குறை உண்டென்பது பொருள்.

எனினும், காணொளி காட்டும் இடத்தையே காணலாம். மருந்து அறையின் நெடி, மூலையில் கிடக்கும் காலாவதியான திராவகம், மாதிரிகள் ஒன்றோடொன்று கலக்கும் நெருக்கடி ஆகியவை நேரில் சென்றால்தான் தெரியும். ஆதலின் வழி திறந்தவுடன், அபாயம் மிக்க சாலைக்கு முதலில் நேரில் செல்வதே முறையாகும்.

குடியானவர் கவனிக்க வேண்டியவை

சீட்டில் முத்திரை இருப்பது மட்டும் போதாது. அங்கீகாரத்தின் எண்ணையும், அது எத்தேதி வரை செல்லும் என்பதையும் பார்க்கவேண்டும். வேண்டிய சோதனையும் அதன் முறையும் அச்சாலையின் அங்கீகார எல்லைக்குள் அடங்கியவையா என்று கேட்டறிய வேண்டும்; நீர்ச் சோதனைக்கு அங்கீகாரம் பெற்ற சாலை பூச்சிமருந்துச் சோதனைக்கும் அதைப் பெற்றதாகாது. என்.ஏ.பி.எல். வலைத்தளத்தில் இவ்விவரங்கள் காணக்கிடைக்கும். கிராம அதிகாரிகள் இதில் குடியானவர்களுக்கு உதவலாம்.

மாதிரி எடுப்பதிலும் கருத்து வேண்டும். எருக்குவியல், வரப்பு, மரநிழல் ஆகியவற்றை ஒதுக்கி, வயலில் பல இடங்களில் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு 'வி' வடிவமாக வெட்டி, பக்கவாட்டில் மண்ணைச் சுரண்டி எடுக்கவேண்டும். அதைக் கலந்து நான்காகப் பகுத்துக் குறைத்து, அரைக் கிலோவை அனுப்பி, ஒரு பங்கைத் தம்மிடமும் வைத்துக்கொள்வது நலம். முடிவில் ஐயம் தோன்றினால் அப்பங்கை வேறொரு சாலைக்கு அனுப்பி ஒப்பிட்டுப் பார்க்கலாம். மதிப்பீட்டாளர் வர இயலாத காலத்திலும் இக்காவல் குடியானவர் கையிலேயே இருக்கிறது.